செண்பகவல்லிக்கு வசனம் கிடையாது

அந்த ரெக்கார்டு மெஷினை அவ்வளவு கிட்ட வைக்காதேம்மா. தள்ளி வை. இன்னும் தள்ளி. ஹாங், அங்கேயே இருக்கட்டும். என் குரலுக்கு அது போதும். மைக்கை வாயில திணிச்சுக்கிட்டுப் பேசறதெல்லாம் இந்தக் காலத்துப் பசங்க வேலை. எஃப்.எம்.ல பேசறானுங்களே, அதுக்குப் பேரு குரலா? சளி பிடிச்சவன் கூட அதைவிடத் தெளிவாப் பேசுவான்.

உன் வயசுக்கு நீன்னே சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. பேரு என்ன சொன்னே, ஆவுடைச்செல்வியா? தென்காசிப் பக்கமா? அங்கேர்ந்தா பஸ் மாறி மாறி உறையூருக்கு வந்தே? பழைய ரேடியோ நாடகத்தைப் பத்தி ஆராய்ச்சி. சரிதான். நாடகம் போட்ட எங்களுக்கு ஒரு துண்டு கூட யாரும் போர்த்தினதில்ல. அதைப் பத்திக் கேட்டு எழுதறவங்களுக்கு டாக்டர் பட்டம். நல்லா இருங்க.

யார் சொல்லி என்னைத் தேடி வந்தே? பள்ளிக்கூடத்துல உனக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்த டீச்சரா? பேரு இருக்கட்டும்மா, பாட்டு டீச்சர் பேரெல்லாம் எனக்கு எதுக்கு? தென்காசி வரைக்கும் என் குரல் போயிருக்குன்னு தெரிஞ்சுதே, அது போதும். ஆனா ஒண்ணு. பாட்டு டீச்சருக்கு நாடகத்தைப் பத்தி என்னம்மா தெரியும்? ச ரி க ம சொல்லிக் குடுத்துட்டு மணி அடிச்சா வீட்டுக்குப் போறவங்க.

நீ என்னைப் பத்திக் கேக்க வரல. செண்பகவல்லியா நடிச்சவளைப் பத்திக் கேக்க வந்திருக்கே. சரியா? எப்படிக் கண்டுபிடிச்சேன் பார்த்தியா? நீ போன்லயே சொன்னேங்கறது வேற விஷயம். சொல்லாட்டாலும் கண்டுபிடிச்சிருப்பேன். பழக்கம் அப்படி. ரேடியோவுல நான் நடிச்ச துப்பறியும் தீர்த்தகிரின்னா அந்தக் காலத்துல திருச்சியில ஒரு மரியாதை இருந்துது. நான் பகல்ல ஒரு கூட்டுறவுச் சங்கத்துல கிளார்க். என் மேனேஜர் இருக்காரே, வாரம் பூரா என்னை "ஏய்யா சபாநாயகம்"னு கூப்பிடுவார். வெள்ளிக்கிழமை காலையில மட்டும் "வாங்க தீர்த்தகிரி"ம்பார். ஏன்னா வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு நாடகம். "செண்பகவல்லி எங்கே?" அந்த அரைமணி நேரம் தெருவுல நாய்தான் நடமாடும்.

கதையைச் சொல்லணுமா? கதைன்னு ஒண்ணு இருந்தாத்தானே. ஒரு மில் முதலாளி. பெரிய பங்களா. தீபாவளிக்கு முந்தின நாள் அவர் சம்சாரம் செண்பகவல்லி காணாமப் போயிடறா. யார் கடத்தினா? டிரைவரா, சமையக்காரியா, முதலாளியோட தம்பியா? தீர்த்தகிரி வந்து கண்டுபிடிக்கிறான். அவ்வளவுதான். இதை எழுதினவன் பேரு முகிலன்பன். பேரைப் பாரு. வீட்ல வச்ச பேரு குப்புசாமி. எங்கேயோ குடோன்ல சரக்குக் கணக்கு எழுதிட்டிருந்தவன், கவிதைன்னு நாலு வரி எந்தப் பத்திரிகையிலோ வந்ததும் முகிலன்பன் ஆயிட்டான். அவனுக்கும் மேகத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வெயில்ல சைக்கிள் மிதிச்சே காய்ஞ்ச ஆளு.

அந்த மகானுபாவன் என்ன பண்ணுவான் தெரியுமா? வியாழக்கிழமை நாடகத்தை வியாழக்கிழமை காலையிலதான் எழுதி முடிப்பான். அதுக்கு முன்னாடி ஒரு வரி வராது. திங்கக்கிழமை கேட்டா "சிந்தனையில் இருக்கிறது"ம்பான். செவ்வாய்க்கிழமை கேட்டா "கருவில் இருக்கிறது"ம்பான். வியாழன் காலையில என் வீட்டு வாசல்ல சைக்கிளைச் சாய்ச்சுட்டு, விரலெல்லாம் மசியோட பக்கங்களை நீட்டுவான். அப்புறம் எங்கேர்ந்து முன்கூட்டியே ரெக்கார்டு பண்றது? எல்லாம் நேரடி ஒலிபரப்புதான். சிவப்பு விளக்கு எரிஞ்சா பேசணும். இருமினா இருமினதுதான், உளறினா உளறினதுதான். ஊரே கேட்டுடும்.

அதனால வியாழக்கிழமை நான் ஆபீசுக்கு லீவு. பக்கம் வந்ததும் வீட்லயே ஒத்திகை. நான் தீர்த்தகிரி. மத்த எல்லாரையும் லோகா வாசிப்பா. முதலாளி, டிரைவர், சமையக்காரி, இன்ஸ்பெக்டர், எல்லாம் அவதான். சும்மா எடுத்துக் குடுக்கற வேலை. எனக்கு அடுத்த வரி எங்க வருதுன்னு தெரியணுமில்ல, அதுக்கு. அவளுக்கு நடிப்பெல்லாம் வராது. ஒருநாள் டிரைவர் பாகத்தை வாசிச்சிட்டிருந்தா, பக்கத்து வீட்டு ராயர் யாரோ ஆம்பளை சண்டைக்கு வந்திருக்கான்னு குடையை எடுத்துக்கிட்டு ஓடி வந்துட்டார். அவருக்குக் கொஞ்சம் காது மந்தம்.

லோகா யாருன்னா கேக்கறே? லோகாம்பாள். அவதான் செண்பகவல்லி. என் சம்சாரம். ஏன் அப்படிப் பார்க்கிறே? உங்க டீச்சர் அதைச் சொல்லலையா? எப்படிச் சொல்லுவாங்க, ரேடியோவுல "பங்கேற்றவர்கள்"னு பேரு மட்டும்தான் வாசிப்பான். யாருக்கு யார் பொண்டாட்டின்னா வாசிப்பான்?

மாயவரத்துப் பக்கம் அவளுக்கு. அப்பா அம்மா கிடையாது. அக்கா ஒருத்தி, எங்கேயோ மலையோரமா வாக்கப்பட்டிருந்தா. எந்த ஊர்னு நான் கேட்டுக்கிட்டதில்ல. பெண்டாட்டி பக்கத்து உறவையெல்லாம் கேட்டு வச்சா வரப்போக ஆரம்பிச்சிடுவாங்க. லோகா பாட்டுப் பரீட்சை பாஸ் பண்ணினவ. கல்யாணத்துக்கு முன்னாடி ரேடியோ நிலையத்துல மெல்லிசை பாடிட்டிருந்தா. கல்யாணம் ஆனதும் நான்தான் வேண்டாம்னுட்டேன். வீட்ல ஒரு கலைஞன் போதும். ரெண்டு பேரும் மைக்குக்கு முன்னாடி நின்னா குழம்பு யாரு வைக்கிறது?

அப்புறம் ஏன் நாடகத்துல சேர்த்தேன்னு கேப்பே. முதல் வாரம் செண்பகவல்லி "ஆ"ன்னு ஒரு அலறல் அலறணும். அதுக்கு ஒரு பொம்பளை வேணும். வெளியிலேர்ந்து கூட்டிட்டு வந்தா அவளுக்குப் போக வர வண்டி, காபி, பலகாரம். என் வீட்லயே ஒருத்தி இருக்காளே. அவ்வளவுதான் அந்தப் பாத்திரம். ஆனா இந்தக் குப்புசாமி இருக்கானே, அவன் லோகாவைப் பார்த்ததும் செண்பகவல்லிக்கு வசனமா எழுதித் தள்ள ஆரம்பிச்சுட்டான். புருஷனோட பேசறா, தனியா உக்காந்து பேசறா, பழசை நினைச்சுப் பேசறா. ரெண்டு பக்கம், மூணு பக்கம். நான் தயாரிப்பாளர்கிட்ட போய்க் கேட்டேன். "சார், காணாமப் போனவ எதுக்குப் பேசணும்? பேசினா அவ எப்படிக் காணாமப் போனவ ஆவா? கேக்கறவன் சிரிக்க மாட்டானா?" நியாயமான கேள்விதானே? எல்லாத்தையும் அடிச்சேன். பேனாவை எடுத்து நானே அடிச்சேன். அந்த நேரத்தை தீர்த்தகிரிக்குக் குடுத்தாங்க. செண்பகவல்லிக்கு வசனம் கிடையாது. அதுதான் அழகு. அதுதான் மர்மம்.

லோகா என்ன பண்ணினா தெரியுமா? அடிச்ச பக்கத்தை எடுத்து ஒரு தடவை படிச்சா, மடிச்சு அலமாரியில வச்சா. படிக்க வேற புஸ்தகம் இல்ல வீட்ல.

மிச்சம் இருந்தது ஒரு முனகல். செண்பகவல்லி காணாமப் போறதுக்கு முன்னாடி பாடற பாட்டாம், மில் முதலாளி நினைச்சுப் பார்க்கிறாராம். வாரா வாரம் கொஞ்சம் "ம்ம்"னு ராகமா இழுக்கணும். வார்த்தை கிடையாது. அதுக்கு லோகாவைச் சுவரோரமா நிறுத்துவேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நிக்கணும். அப்பத்தான் குரல் எங்கேயோ தூரத்துலேர்ந்து வர்ற மாதிரி இருக்கும். மைக் பக்கம் வரவே கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன்.

என்ன சொன்னே? ஆமா, சுவரைப் பார்த்துத்தான். உனக்கு எப்படித் தெரியும்? உங்க பாட்டு டீச்சரா சொன்னாங்க? அந்தச் சுவத்துல காரை பெயர்ந்து யானை மாதிரி இருக்கும்னுமா சொன்னாங்க? ஆமா, இருந்துது. அதை யாரு இவங்களுக்குச் சொன்னது? நிலையத்தைச் சுத்திப் பார்க்கன்னு வாரத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் வரும், அப்படி வந்திருப்பாங்க. இந்த மாதிரி ஆளுங்கதான்மா. பார்த்தது யானை, கேட்டது முனகல். நான் பக்கம் பக்கமாப் பேசினது ஒண்ணும் மனசுல நிக்காது.

இந்த ஊர் ஜனங்களே அப்படித்தான். நான் தொண்டை கிழியப் பேசறேன், நிலையத்துக்கு வந்த கடுதாசியெல்லாம் என்ன கேக்குது தெரியுமா? "செண்பகவல்லி அம்மா பாடும் அந்தப் பாட்டு என்ன ராகம்?" "செண்பகவல்லி அம்மா எப்போது பேசுவார்கள்?" வாரா வாரம் கட்டுக் கட்டா. காபி கிளப்புல சர்வர் பையன் தட்டு எடுக்கும்போது அதையே முனகறான். ரசனை கெட்ட கூட்டம். பேச்சுக்கும் முனகலுக்கும் வித்தியாசம் தெரியாத கூட்டம். அந்தக் கடுதாசியெல்லாம் நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகல. அவ தலையில ஏத்திக்கிட்டா அப்புறம் யாரு இறக்கறது?

கடைசி வாரத்தைச் சொல்றேன் கேளு. இதை உன் ஆராய்ச்சியில எழுதணும். கட்டாயம் எழுதணும். கொடைக்கானல்ல ஒரு பங்களாவுல தீர்த்தகிரி செண்பகவல்லியைக் கண்டுபிடிக்கிறான். முதலாளியோட தம்பி கடத்திட்டுப் போய் அடைச்சு வச்சிருக்கான். கதவை உடைச்சுக்கிட்டு நான் உள்ளே போறேன். அவ "என்னைக் காப்பாற்றிவிட்டீர்கள்"னு சொல்லி விம்மி விம்மி அழணும். அந்த ஒரு வரியைப் போனாப் போகுதுன்னு நான்தான் விட்டு வச்சேன். உடனே நான் எல்லாத்தையும் விளக்குவேன், அவளைக் காருல ஏத்துவேன், கார் கிளம்பும், முடிஞ்சுது.

சிவப்பு விளக்கு எரியுது. கதவை உடைச்சாச்சு. "செண்பகவல்லி அம்மா! பயப்படாதீர்கள்! இனி நீங்கள் பத்திரமாக வீடு திரும்பலாம்!" அப்படின்னு நான் கர்ஜிச்சேன். லோகா சுவரோரமா நின்னவ, திரும்பினா. நேரா நடந்து வந்தா. மைக்குக்கு முன்னாடி, என் தோளை ஒரு இடி இடிச்சுக்கிட்டு வந்து நின்னா. கையில பக்கமே இல்ல. சொல்றா: "என்னை யாரும் கடத்தலை. நானாத்தான் வந்தேன். அந்த வீட்டுக்குத் திரும்பி வர மாட்டேன்."

நேரடி ஒலிபரப்பும்மா! ஊரே கேட்டுட்டிருக்கு! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் தலையில கை வச்சுக்கிட்டார். குப்புசாமி வாயைப் பொளந்துட்டு நிக்கறான், அவன் கண்ணுல தண்ணி வேற. வேற எவனா இருந்தாலும் அங்கேயே மயங்கி விழுந்திருப்பான். நான் விடுவேனா? ஒரு நொடி கூட யோசிக்கல. "பாவம், அதிர்ச்சியில் ஏதேதோ பேசுகிறார்கள்! இவர்களுக்கு ஓய்வு தேவை! அம்மா, காரில் ஏறுங்கள்!" எப்படி? நாடகத்தையே காப்பாத்தினேன்.

இப்ப கார் கதவு சத்தம் வரணும். அந்தோணிசாமின்னு ஒருத்தன், கொட்டாங்கச்சி, தகரம், மணல் பெட்டி எல்லாம் வச்சுக்கிட்டு சத்தம் போடற வேலை அவனுக்கு. குதிரை வேணுமா, மழை வேணுமா, கதவு வேணுமா, எல்லாம் அவன்தான். நான் சைகை காட்டறேன். அவன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறான். மறுபடி காட்டறேன். தலையை ஆட்டறான், மாட்டேன்னு! ஒரு கொட்டாங்கச்சி தட்டறவனுக்கு இவ்வளவு திமிர். கடைசியில நானே வாயால "டமார்"னு கதவைச் சாத்தி, நானே "டுர்ர்ர்"னு காரை எடுத்துட்டுப் போனேன். லோகா சிரிப்பை அடக்கிக்கிட்டு வாயைப் பொத்தினா. நல்லவேளை, ரேடியோவுல அது அழற மாதிரி கேட்டுது.

உங்க டீச்சர் அந்தக் கார் சத்தத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்களா? சிரிக்கட்டும். நெருக்கடியில ஒரு கலைஞன் என்ன பாடுபடறான்னு இவங்களுக்கு எங்க புரியப் போகுது.

வீட்டுக்கு வந்து லோகாகிட்ட கேட்டேன், "எப்படிச் சமாளிச்சேன் பாத்தியா?"ன்னு. கோபப்படலை நான். பெருந்தன்மையா விட்டுட்டேன். அவ என்னமோ சொன்னா. எனக்கு அசதி.

அடுத்த திங்கக்கிழமை அவ காணாமப் போயிட்டா.

ஆமாம்மா. நிஜமா. நாடகத்துல இல்ல. ஆபீஸ் விட்டு வர்றேன், வீடு பூட்டியிருக்கு, சாவி ராயர் வீட்ல. உள்ள போனா ஆளில்ல. இத்தனை வருஷமாச்சு, இன்னிக்கு வரைக்கும் தெரியல. எனக்கு எழுபது ஆகப் போகுது. கீழ்வீட்ல தங்கச்சி பையன் இருக்கான், அவன் பொண்டாட்டி ரெண்டு வேளை சாப்பாடு கொண்டாந்து வைக்கிறா, உப்பும் இருக்காது ஒண்ணும் இருக்காது. ஊர்ல இருக்கற காணாமப் போன கேஸையெல்லாம் தீர்த்தகிரி தீர்த்து வச்சான்னு பேரு. சொந்த வீட்டுக் கேஸ் ஒண்ணு மட்டும் அப்படியே கிடக்குது. எனக்கு ஆத்திரம்தான் வருது. சாகறதுக்குள்ள தெரியணும்மா. அவ எங்க போனா, யாரு கூட்டிட்டுப் போனா. அது ஒண்ணுதான் தெரியணும்.

துப்பறியலையான்னா கேக்கறே? என்னையா கேக்கறே? அன்னிக்கே ஆரம்பிச்சேன். அடுப்படிக்குப் போனேன். சோறு வடிச்சு, கத்திரிக்காய் சாம்பார் வச்சு, தயிருக்கு உறை ஊத்தி மூடி வச்சிருக்கு. இதுலேர்ந்து என்ன தெரியுது? தானாப் போறவ சமைச்சு வச்சுட்டா போவா? ஆக, பலவந்தம். ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். அவளோட பாட்டுப் பரீட்சை சர்டிபிகேட்டெல்லாம் காணோம். சுருதிப் பெட்டியைக் காணோம். நகை அப்படியே இருக்கு. நகையை விட்டுட்டு சுருதிப் பெட்டியை எடுக்கற திருடனை நான் அதுவரைக்கும் கேள்விப்பட்டதில்ல. பெரிய புத்திசாலி. நம்மளைக் குழப்பறதுக்காகவே செஞ்சிருக்கான்.

ராயர் வீட்டம்மா சொல்றாங்க, "ரிக்‌ஷாவுல ஏறி, எங்களுக்கெல்லாம் கையாட்டிட்டுத்தானே போச்சு உங்க சம்சாரம்"னு. கையாட்டினாளாம். மருந்து ஏதோ குடுத்து மயக்கியிருக்கான், இல்லாட்டா எதுக்குக் கையாட்டறா? கடுதாசி எழுதி வச்சிருக்காளான்னு வீடு பூராத் தேடினேன். துண்டுச் சீட்டு கூட இல்ல. தானா வீட்டை விட்டுப் போற பொம்பளை நாலு வரி எழுதி வைக்காம போவாளா? எந்த நாடகத்துல போயிருக்கா?

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அந்த இன்ஸ்பெக்டர் ஒரு மரமண்டை. நான் துப்பையெல்லாம் வரிசையாச் சொல்றேன், அவர் பல்லைக் குத்திக்கிட்டே கேக்கறார். கடைசியில, "சார், அவங்களாத்தான் போயிருக்காங்க. போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"ன்னார். "மூச்சு விடலை"ன்னேன். "நல்லா யோசிச்சுப் பாருங்க"ன்னார். தீர்த்தகிரியைப் பார்த்து யோசிச்சுப் பாருன்னு சொல்ற அளவுக்கு ஆயிடுச்சு போலீஸ். அப்படியே எழுந்து வந்துட்டேன்.

எனக்குச் சந்தேகம் அந்தோணிசாமி மேலதான். கார் சத்தம் போட மாட்டேன்னவனாச்சே. நேரா அவன் வீட்டுக்குப் போனேன். பொண்டாட்டி பிள்ளைங்களோட உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கான், அயோக்கியன். "சார், அக்கா ஊருக்குப் போறேன், அவர்கிட்ட சொல்லிட்டேன்னு போற அன்னிக்கே சொன்னாங்களே"ங்கறான். என்கிட்ட சொன்னாளாம்! எந்த ஊருடான்னு கேட்டேன். "உங்களுக்குத் தெரியும்னுல்ல சார் நான் கேட்டுக்கல"ங்கறான். முழுப் பொய். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரியுது. ஆனா நிரூபிக்க வழியில்ல. அதுக்கப்புறம் அவனோட ஒரு நாடகம் கூட நான் பண்ணல. அவனோட என்ன, யாரோடயும் பண்ணல. தீர்த்தகிரி இல்லாம எட்டு மணி நாடகத்துல என்னமோ விவசாயக் கதை போட்டாங்க. உரம் போடறதைப் பத்தி.

சண்டையா? எங்களுக்குள்ளயா? அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. எல்லாரும் இதையே கேக்கறீங்க. சண்டை போட்டுட்டுப் போறவளா இருந்தா அன்னிக்குக் காலையில என்கூட ஒத்திகை பண்ணியிருப்பாளா? இதை நான் இன்ஸ்பெக்டர்கிட்ட கூடச் சொல்லல. மரமண்டைக்கு இதோட அருமை எங்க தெரியும்? உனக்குச் சொல்றேன். இதையும் எழுதிக்கோ.

நான் ஆபீசுக்குக் கிளம்ப முகம் மழிச்சிட்டிருக்கேன். கண்ணாடியைப் பார்த்து தீர்த்தகிரி குரல்ல பேசிப் பார்க்கறது என் வழக்கம். அடுத்த தொடருக்கும் தீர்த்தகிரிதான்னு பேச்சு அடிபட்டிட்டிருந்த நேரம். லோகா அடுப்படி வாசல்ல வந்து நின்னா. நல்ல புடவை கட்டியிருந்தா. "இந்தாங்க, நான் போறேன்"னா. நான் விடுவேனா, உடனே எடுத்தேன்: "எங்கே அம்மா புறப்பட்டுவிட்டீர்கள்?"

அவ சொன்னா: "அக்கா ஊருக்கு. அங்க பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சர் வேலை கிடைச்சிருக்கு."

"காரணம்?"னேன், புருவத்தை உயர்த்தி.

"இந்த வீட்ல நான் பேசறது யார் காதுலயும் விழல. இனிமே வர மாட்டேன். என்னைத் தேட வேண்டாம்."

நல்லா வந்துதும்மா. பொய் சொல்லக் கூடாது, நல்லாவே வந்துது. கையில பக்கம் இல்லாம, மனப்பாடமா. ரேடியோவுல யாரும் மனப்பாடம் பண்ண மாட்டோம், இவ பண்ணியிருக்கா. ஆனா குரல்ல ஒரு தழுதழுப்பு வேணும் பாரு, அது இல்ல. வறட்டுன்னு இருந்துது. "லோகா, கடைசி வரியை மறுபடி எடு. கொஞ்சம் சுவர்ப் பக்கம் திரும்பிச் சொல்லு"ன்னேன். அவ திரும்பல. கிட்ட வந்தா. கண்ணாடியில என் முகத்துக்குப் பக்கத்துல அவ முகம் தெரியுது. மறுபடி சொன்னா. அப்பவும் தழுதழுக்கல. சரி, வியாழக்கிழமைக்குள்ள சரி பண்ணிக்கலாம்னு விட்டுட்டு, நான் முடிச்சு வச்சேன்: "கவலை வேண்டாம் அம்மா! நீங்கள் எங்கே போனாலும் இந்தத் தீர்த்தகிரி உங்களைக் கண்டுபிடித்தே தீருவான்!"

சிரிச்சாம்மா. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. என் மோவாயில சோப்பு நுரை இருந்துது, அதைத் துண்டால துடைச்சு விட்டா. கோபத்துல போறவ நுரையைத் துடைச்சு விடுவாளா? நீயே சொல்லு.

என்ன?

எந்த நாடகத்துல வர்ற வசனமா? எந்த நாடகம்னா... அதான்... அடுத்த தொடர். முகிலன்பன் எழுதினது. இல்ல இல்ல, அன்னிக்குத் திங்கக்கிழமை. திங்கக்கிழமை அவன் எங்க எழுதினான்? அவன்தான் வியாழக்கிழமைக்கு முன்னாடி ஒரு வரி எழுத மாட்டானே. செண்பகவல்லியும் முடிஞ்சு போச்சு. அடுத்த தொடர்தான் வரவே இல்லையே, உரம்தானே போட்டாங்க.

இரும்மா. நான் யோசிக்கணும். மெஷினை நிறுத்தாதே, ஓடட்டும்.

ஏதோ பழைய நாடகமா இருக்கும். நான் கேக்காத நாடகம். யாரோ எழுதினதைத்தான் சொல்லியிருப்பா. அவளுக்குச் சொந்தமா ஒரு வரி வராது. எனக்குத் தெரியாதா அவளை? நான் அடிச்ச பக்கங்கள்லேர்ந்து எடுத்திருப்பா. அதுல இப்படி ஒரு வரி இருந்துதா? பாட்டு டீச்சர் வேலைன்னு குப்புசாமி எங்க எழுதினான்? மில் முதலாளி பொண்டாட்டிக்கு எதுக்கு பாட்டு டீச்சர் வேலை?

தண்ணி அந்தச் சொம்புல இருக்கு, கொஞ்சம் எடு. நீ குடிக்க இல்ல, எனக்கு.

எந்த ஊர்னு சொன்னே நீ? தென்காசி. மலையோரம்தானே அது? சாரல் அடிக்கிற ஊரு.

உங்க டீச்சர் இருக்காங்களா இன்னும்? நல்லா இருக்காங்களா? ரிட்டயர் ஆகியிருப்பாங்க. இன்னும் அந்த முனகலைப் பாடுவாங்களா? வேண்டாம், பேரைச் சொல்லாதே. நீ சொல்லாதே. வாயைத் திறக்காதே. நான் ஒண்ணு சொல்றேன், அதை மட்டும் செய். ஊருக்குப் போனதும் அவங்ககிட்ட கேளு. அவங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே, சுவத்துல இருந்த யானை வரைக்கும். அந்த வசனம் எந்த நாடகத்துல வருதுன்னு கேளு. தீர்த்தகிரி கேக்கச் சொன்னான்னு... இல்ல, சபாநாயகம் கேக்கச் சொன்னார்னு சொல்லு.

பதிலை நீ வந்து சொல்ல வேண்டாம். அவங்களையே ஒரு போன் பண்ணச் சொல்லு. நான் குறுக்கே பேச மாட்டேன்னு சொல்லு. ஆனா அவங்க கொஞ்சம் உரக்கப் பேசணும்மா. எனக்கு இப்பல்லாம் காது சரியாக் கேக்கறதில்ல.